மிளகு மூட்டையும் பொய்க் கணக்கும்

பல்லடத்திலிருந்து தாராபுரம் போகிற வழியில், காற்றாலைகள் சுற்றிக் கொண்டிருக்கும் வறண்ட காடுகளுக்கு நடுவே குண்டடம் இருக்கிறது. ஆட்டுச் சந்தை தெரிந்தவர்களுக்கு அது சந்தை ஊர். மற்றவர்களுக்கு அது கொங்கு வடுகநாதர் ஊர். வடுகநாதர் என்றால் வேறு யாரும் இல்லை, பைரவர்தான். தேய்பிறை அஷ்டமி வந்துவிட்டால் திருப்பூர், பல்லடம், காங்கேயம், உடுமலை என்று நாலா பக்கமும் இருந்து வண்டி கட்டிக்கொண்டு வருகிறார்கள். வருபவர்களில் வியாபாரிகள் நிறைய. காரணம், இந்தச் சாமியின் கதையே ஒரு வியாபாரியின் கதை.

அந்தக் கதை இதுதான். சேர நாட்டுப் பக்கமிருந்து ஒரு வியாபாரி பொதி மாடுகளில் மிளகு மூட்டைகளை ஏற்றிக்கொண்டு கிழக்கே போகிறான். இரவு தங்க குண்டடத்தில் இறங்குகிறான். அங்கே கூன் விழுந்த ஒரு கிழவர் வந்து, "உடம்பு சரியில்லை அப்பா, கஷாயம் வைக்கக் கொஞ்சம் மிளகு கொடு" என்று கேட்கிறார். வியாபாரிக்குக் கொடுக்க மனசில்லை. "இதில் மிளகு ஏது பெரியவரே, எல்லாம் பயறு மூட்டை" என்று சொல்லிவிடுகிறான். கிழவர் போய்விடுகிறார். பிறகு விலை பேசி, வாங்குபவர் முன்னால் மூட்டையைப் பிரித்தால் உள்ளே பயறு! ஒரு மூட்டை அல்ல, எல்லா மூட்டையும் பயறு. வந்தது யாரென்று அப்போதுதான் புரிகிறது. குண்டடத்துக்கு ஓடி வந்து, பொய் சொன்னேன் என்று அழுது ஒப்புக்கொள்கிறான். பயறு மறுபடியும் மிளகாகிறது.

சொல்கிற ஆளைப் பொறுத்துக் கிளைக்கதைகள் மாறும். சிலர் பாண்டிய ராஜாவைக் கொண்டு வருவார்கள், சிலர் சந்தையோடு நிறுத்திவிடுவார்கள். ஆனால் நடுவில் இருக்கும் மூன்று விஷயங்கள் மாறுவதில்லை: ஒரு நோயாளி கேட்டான், ஒரு வியாபாரி பொய் சொன்னான், பொய்யே உண்மையாகிவிட்டது.

இவ்வளவு அருமையான ஒரு கதையை இன்று என்ன செய்து வைத்திருக்கிறார்கள் என்பதுதான் இங்கே கேள்வி.

கதை போய் கட்டணம் வந்தது

ஜோசிய நிகழ்ச்சிகளிலும், ஆன்மிக இதழ்களிலும், வாட்ஸ்அப் செய்திகளிலும் இந்தக் கதை எப்படி முடிகிறது என்று கவனியுங்கள். "ஆகவே, வியாபாரத்தில் நஷ்டம் அடைந்தவர்கள் பைரவருக்கு மிளகு சாத்தி வழிபட்டால் இழந்த பொருள் திரும்பக் கிடைக்கும்." அவ்வளவுதான்! இருபத்தேழு மிளகைத் துணியில் முடிந்து தீபம் போட வேண்டும், இத்தனை அஷ்டமி வர வேண்டும், இந்தத் திசை பார்த்து உட்கார வேண்டும் என்று செய்முறை விளக்கம் மட்டும் விரிவாக வருகிறது.

இதில் காணாமல் போனது எது? கிழவர் காணாமல் போய்விட்டார். பொய் காணாமல் போய்விட்டது. ஒப்புக்கொண்டு அழுதது காணாமல் போய்விட்டது. மிச்சம் இருப்பது இரண்டே இரண்டு: நஷ்டம், லாபம். கதையில் மிளகு ஏன் பயறானது என்பதை விட்டுவிட்டு, பயறு எப்படி மிளகாகும் என்பதை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். நோய்க்கான காரணத்தைக் கேட்காமல் மருந்தை மட்டும் வாங்கிப் போகிறவன் மாதிரி.

இன்னும் ஒரு வேடிக்கை இருக்கிறது. கதையில் பைரவர் கேட்டது தனக்கு அல்ல, ஒரு நோயாளியின் கஷாயத்துக்கு. சன்னதியில் கிலோ கணக்கில் மிளகு கொட்டுகிறவர் கோயில் வாசலில் இருமிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் கிழவரைத் தாண்டித்தான் உள்ளே போகிறார். அதாவது, கதையில் அந்த வியாபாரி செய்த அதே தப்பைச் செய்துகொண்டே அந்தக் கதைக்கு மரியாதை செய்கிறார்!

கேட்டவர் எவ்வளவு கேட்டார்?

பைரவர் வேஷத்தில் சிவன் வந்து கேட்ட கதைகளில் மிகவும் பயங்கரமானது பெரியபுராணத்தில் இருக்கிறது. திருச்செங்காட்டங்குடியில் சிறுத்தொண்டர் வீட்டுக்கு பைரவ அடியாராக வந்து, பெற்ற பிள்ளையைக் கறி சமைத்துப் போடச் சொல்கிறார். படித்தவர்கள் எல்லாம் இன்றுவரை விவாதித்துக் கொண்டிருக்கும் கதை அது. அதே பைரவர் குண்டடத்தில் என்ன கேட்டார்? ஒரு பிடி மிளகு. மூட்டை மூட்டையாக வைத்திருப்பவனிடம் ஒரே ஒரு பிடி. சிறுத்தொண்டரிடம் பிள்ளையைக் கேட்டவர், வியாபாரியிடம் கஷாயத்துக்கு மட்டும் கேட்டார். அதையும் அவனால் கொடுக்க முடியவில்லை.

கொங்கு நாட்டு ஜனங்கள் இந்தக் கதையை ஏன் இவ்வளவு காலம் காப்பாற்றி வைத்தார்கள் என்பதற்கு இங்கேயே பதில் இருக்கிறது. எல்லாரும் சிறுத்தொண்டர் ஆக முடியாது. ஆனால் ஒரு பிடி மிளகு கொடுக்க எல்லாராலும் முடியும். பெரிய தியாகத்தை விட்டுவிட்டு, சின்ன நேர்மையைக் கேட்கிற கதை இது. வியாபாரிக்கென்றே செய்த கதை.

கதை நடக்கிற இடமும் சும்மா வரவில்லை. பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்குக் கரையையும் கிழக்கையும் இணைத்த பாதைகள் கொங்கு நாட்டின் ஊடாகத்தான் போயின. சென்னிமலைக்குப் பக்கத்தில் கொடுமணல் அகழாய்வில் மணிகள் செய்த பட்டறைகளும், தமிழ் பிராமி எழுத்துப் பொறித்த பானை ஓடுகளும் கிடைத்தன. காங்கேயம் பக்கம் கத்தாங்கண்ணி, கோவை பக்கம் வெள்ளலூர் என்று பல ஊர்களில் ரோமானியக் காசுகள் கிடைத்தன. யவனர்கள் பொன்னோடு வந்து மிளகோடு போனார்கள் என்று அகநானூறு சொல்கிறது. அப்படிப்பட்ட பாதையில் இருக்கும் ஊரில் மிளகு வியாபாரியைப் பற்றிக் கதை பிறக்காமல் வேறு எங்கே பிறக்கும்?

திருப்பயற்றூர் என்ன சொல்கிறது?

இங்கே எதிர்க்கட்சிக்காரர்கள் ஒரு கேள்வி கேட்கலாம். நல்ல கேள்விதான். "சோழ நாட்டில் திருப்பயற்றூரில் இதே மிளகு, இதே பயறு, ஆனால் கதை நேர் எதிர் ஆயிற்றே?"

உண்மை. திருவாரூர்ப் பக்கம் இருக்கும் திருப்பயற்றூர், அப்பர் பாடிய தலம். அங்கே சொல்லப்படும் கதையில் ஒரு வியாபாரி மிளகு மூட்டைகளோடு வருகிறான். மிளகுக்குச் சுங்கம் உண்டு, பயறுக்குச் சுங்கம் இல்லை. சுங்கம் கட்ட முடியாமல் சிவனிடம் வேண்டுகிறான். மிளகு பயறாகிறது. சுங்கச்சாவடி தாண்டியதும் மறுபடி மிளகாகிறது. சாமியே வரி ஏய்ப்புக்குத் துணை போனார் என்றல்லவா ஆகிறது!

(இதில் ஒரு கூடுதல் தகவல். இன்றைய ஜி.எஸ்.டி.யிலும் மிளகுக்கு 5 சதவீத வரி, பொட்டலம் போட்டு லேபிள் ஒட்டாத பாசிப்பயறுக்கு வரி கிடையாது. அந்த வியாபாரி இன்று வந்தாலும் அதே வேண்டுதலைத்தான் வைப்பான்!)

இதை மழுப்பத் தேவையில்லை. தலபுராணங்கள் ஒன்றுக்கொன்று முரண்படும். அவை ஒரே ஆள் உட்கார்ந்து எழுதிய சட்டப் புத்தகம் அல்ல. ஆனால் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு வித்தியாசம் தெரிகிறது. திருப்பயற்றூர் வியாபாரி நிற்பது அதிகாரத்தின் முன்னால். சுங்கம் என்பது அந்தக் காலத்தில் எவ்வளவு பெரிய சுமை என்பதற்கு, அதை நீக்கியதற்காகவே முதலாம் குலோத்துங்கனை "சுங்கம் தவிர்த்த சோழன்" என்று ஊர் கொண்டாடியது சாட்சி. அந்தக் கதையில் ஜனங்கள் தங்கள் கஷ்டத்தைச் சொல்லிக்கொண்டார்கள். குண்டடம் வியாபாரி நிற்பது ஒரு நோயாளியின் முன்னால். அங்கே அவன்தான் அதிகாரம். மூட்டை அவன் கையில், கையேந்தி நிற்பது கிழவர்.

வித்தியாசம் அதோடு முடியவில்லை. திருப்பயற்றூரில் வியாபாரி இறைவனிடம் மறைக்கவில்லை. தன்னிடம் இருப்பது மிளகு என்று சொல்லித்தான் வேண்டினான். குண்டடத்தில் இறைவனிடமே பொய் சொன்னான். வலியவன் வாசலில் எளியவனுக்கு இரங்கிய சாமி, எளியவன் வாசலில் வலியவனாக நின்றவனை மன்னிக்கவில்லை. இந்த அளவில் இரண்டு கதைகளும் ஒரே பக்கம்தான் நிற்கின்றன.

அதற்காக இன்று வரி ஏய்ப்பவர்கள் திருப்பயற்றூரைக் காட்டித் தப்பிக்க முடியாது. அன்றைய சுங்கம் ராஜாவின் கஜானாவுக்குப் போனது. இன்றைய வரியில் அரசு ஆஸ்பத்திரியும் பள்ளிக்கூடமும் நடக்கின்றன. இன்று பொய்க் கணக்கு எழுதுகிறவன் கஷாயத்துக்கு மிளகு இல்லை என்று அந்தக் கிழவரிடம்தான் சொல்கிறான்.

சுந்தரர் பொன் கேட்கவில்லையா?

இரண்டாவது எதிர்ப்பு இன்னும் பலமானது. "பொருள் கேட்டு வேண்டுவது என்ன குற்றமா? சுந்தரரே பொன் கேட்டுப் பாடியிருக்கிறாரே! தமிழ் பக்தி மரபே அப்படித்தானே?"

கேட்டார். தாராளமாகவே கேட்டார். ஆனால் எதற்குக் கேட்டார், கிடைத்ததை என்ன செய்தார் என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

திருமுதுகுன்றத்தில், அதாவது விருத்தாசலத்தில், சுந்தரருக்குப் பன்னிரண்டாயிரம் பொன் கிடைத்தது என்று பெரியபுராணம் சொல்கிறது. திருவாரூரில் அடியார்களுக்குச் சோறு போடப் பரவையாருக்குப் பணம் வேண்டியிருந்தது. அதற்காகத்தான் அவர் பொன் தேடியதே. அந்தப் பொன்னை மணிமுத்தாற்றில் போட்டுவிட்டு, திருவாரூர்க் குளத்தில் எடுக்கிறார். (உலகத்தின் முதல் மணி ஆர்டர் இதுவாகத்தான் இருக்க வேண்டும்!) இதில் காமர்ஸ் படிக்கிறவர்கள் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. ஆற்றில் போடுவதற்கு முன்னால் அந்தப் பொன்னில் ஒரு துண்டை வெட்டி மாதிரிக்காகக் கையில் வைத்துக்கொள்கிறார். குளத்தில் எடுத்த பிறகு உரைத்துப் பார்க்கிறார். மாற்று குறைகிறது. மறுபடி பாடுகிறார், மாற்று சரியாகிறது. சாமி கொடுத்த தங்கத்துக்கே சாம்பிள் வைத்துப் பரிசோதித்தவர் சுந்தரர்! தரத்தில் சமரசம் இல்லை, அனுப்பியவர் கடவுளே ஆனாலும்.

திருவீழிமிழலையிலும் இதே கணக்குதான். பஞ்ச காலம். ஊர் பசியில் இருக்கிறது. அப்பருக்கும் சம்பந்தருக்கும் தினம் ஒரு பொற்காசு கிடைக்கிறது. அப்பரின் காசு நல்ல காசு, கடையில் உடனே எடுத்துக்கொள்கிறார்கள். சம்பந்தரின் காசுக்கு வாசி, அதாவது வட்டம் கழிக்கிறார்கள். அதனால் சம்பந்தர் மடத்தில் சோறு தாமதமாகிறது. ஏன் இந்த வேற்றுமை என்று கேட்டால், அப்பர் உழவாரம் பிடித்துக் கைத்தொண்டு செய்தவர், அதனால் அவருக்கு வாசி இல்லாத காசு என்று மரபு சொல்கிறது. உழைத்த கைக்கு முழு மதிப்புள்ள காசு! பிறகு சம்பந்தர் பாடி வாசியை நீக்கிக்கொள்கிறார். அந்தக் காசு யார் வீட்டுப் பெட்டிக்கும் போகவில்லை. பஞ்சத்தில் ஊருக்குச் சோறாகப் போனது.

ஆக, இந்த மரபில் பொன் கேட்கலாம். ஆனால் பொன் வந்த கையோடு அடுத்தவன் இலைக்குப் போக வேண்டும். கேட்ட பாட்டை மட்டும் எடுத்துக்கொண்டு போட்ட சோற்றை விட்டுவிடுவது பக்தி அல்ல.

அப்புறம் திருமுருகன்பூண்டி. திருப்பூரிலிருந்து அவினாசி போகிற வழியில் எல்லாரும் பஸ்ஸில் தாண்டிப் போகிற ஊர். சேரமான் பெருமாள் கொடுத்த பரிசுப் பொருளோடு சுந்தரர் வருகிறார். வழிப்பறி நடக்கிறது. வழிப்பறி செய்தவர்கள் வேடர் வேஷத்தில் வந்த சிவபூதங்கள் என்று பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் பாடினார். ஆனால் சுந்தரரே பாடிய பதிகத்தை எடுத்துப் பார்த்தால், அதில் நிறைந்திருப்பது அந்த ஊரின் வழிப்பறிதான். போகிறவர் வருகிறவரை அடித்துத் துணியைக்கூடப் பிடுங்கிக்கொள்கிறார்கள், இப்படிப்பட்ட ஊரில் நீர் எதற்கு உட்கார்ந்திருக்கிறீர் என்று சாமியைப் பார்த்தே கேட்கிறார். தன் பொருள் போனதை மட்டும் சொல்லி அழவில்லை. வழிப்போக்கர்களுக்குப் பாதுகாப்பு இல்லாத ஊரில் கோயில் எதற்கு என்று கேட்கிறார்.

இந்தக் கேள்வியை இன்று யாராவது கேட்கிறார்களா? இருபத்தேழு மிளகை முடிகிற நேரத்தில் ஒரு பதிகத்தைப் படித்துவிடலாம். ஆனால் பதிகம் கேள்வி கேட்கும். மிளகு கேட்காது.

துணிக்காரர்களின் நாயன்மார்கள்

திருப்பூர் வட்டாரத்துக்கு என்றே அளவெடுத்துத் தைத்த மாதிரி சில நாயன்மார்கள் இருக்கிறார்கள். பழையாறையைச் சேர்ந்த அமர்நீதியார் துணி வியாபாரி. பிரம்மசாரி வேஷத்தில் வந்த சிவன் ஒரு கோவணத்தை அவரிடம் பத்திரமாக வைக்கச் சொல்லிவிட்டுக் குளிக்கப் போகிறார். திரும்பி வந்தால் கோவணம் இல்லை. "வேறு புதுக் கோவணம் தருகிறேன்" என்றால் ஒப்புக்கொள்ளவில்லை. சரிக்குச் சரி எடை வேண்டும் என்று தராசில் இன்னொரு கோவணத்தை வைக்கிறார். எதிர்த்தட்டில் கடையில் இருந்த துணி எல்லாம் வைத்தாலும், பொன் எல்லாம் வைத்தாலும் தட்டு இறங்கவில்லை. கடைசியில் மனைவி, மகனோடு தானும் தட்டில் ஏறுகிறார். அப்போதுதான் தட்டு சமமாகிறது.

பனியனும் ஜட்டியும் நெய்து உலகம் முழுக்க அனுப்புகிற ஊருக்கு, கோவணத்துக்காகத் தராசில் ஏறிய ஒரு துணி வியாபாரியைவிடப் பொருத்தமான முன்னோடி யார்? ஒப்படைத்த பொருள் தொலைந்தபோது அவர், "பொருட்களுக்கு நிர்வாகம் பொறுப்பல்ல" என்று போர்டு மாட்டவில்லை. பொறுப்பை ஏற்றுத் தன்னையே தட்டில் வைத்தார்.

காஞ்சிபுரத்துத் திருக்குறிப்புத் தொண்டர் அடியார்களின் துணியை வெளுத்துக் கொடுத்தவர். பொழுது சாய்வதற்குள் கந்தையைத் துவைத்து உலர்த்தித் தருகிறேன் என்று ஒரு கிழ அடியாருக்கு வாக்குக் கொடுக்கிறார். மழை பிடித்துக்கொள்கிறது. சொன்ன நேரம் தவறிவிட்டதே என்று துவைக்கிற கல்லில் தலையை மோதிக்கொள்ளப் போகிறார். டெலிவரி தேதி என்றால் என்னவென்று ஷிப்மென்ட் அனுப்புகிற ஊருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் வெளிநாட்டு பையருக்குக் கொடுத்த தேதிக்குத் துடிக்கிற மனசு, தையல்காரருக்குச் சொன்ன சம்பளத் தேதிக்கும் துடிக்கிறதா?

இவர்கள் கதைக்கெல்லாம் பரிகாரச் சீட்டு கிடையாது. அமர்நீதியாருக்கு இத்தனை கோவணம் சாத்தினால் ஆர்டர் கிடைக்கும் என்று யாரும் சொல்வதில்லை. அதனால்தான் இவர்களைத் தேடி யாரும் போவதும் இல்லை போலும்.

பயறு என்று சொன்ன மிளகுகள்

குண்டடம் கதை பழைய கதை என்று நினைப்பவர்கள் நொய்யல் ஆற்றைப் பார்க்கலாம். காஞ்சிமாநதி என்று புராணம் பாடிய ஆறு. அதன் கரையில்தான் பேரூர் இருக்கிறது. திருப்பூரைத் தாண்டி ஒரத்துப்பாளையத்தில் 1992ல் அணை கட்டி முடித்தார்கள். விவசாயத்துக்கென்று கட்டிய அணையில் சாயக் கழிவு தேங்கியது. அந்தத் தண்ணீரைத் திறந்துவிட வேண்டாம் என்று விவசாயிகளே கெஞ்சுகிற நிலை வந்தது. சாயத் தண்ணீரை ஆற்றில் விட்டுவிட்டுச் சுத்திகரித்த தண்ணீர் என்று கணக்கு எழுதியவர்கள் சொன்னது என்ன? மிளகைப் பயறு என்றார்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. நூற்றுக்கணக்கான பட்டறைகள் ஒரே நேரத்தில் நின்றன. மூட்டையைப் பிரித்தபோது பயறு இருந்தது!

அதன்பின் நடந்ததையும் சொல்ல வேண்டும். கழிவுநீரை ஒரு சொட்டும் வெளியே விடக்கூடாது என்ற முறை கண்டிப்பாக அமலானது. செலவு அதிகம்தான். ஆனாலும் தண்ணீரைச் சுத்திகரித்து மறுபடி பயன்படுத்தும் தொழில்நுட்பத்தை இதே ஊர் கற்றுக்கொண்டது. தப்பு என்று ஒப்புக்கொண்ட பிறகு பயறு கொஞ்சம் கொஞ்சமாக மிளகானது. எந்த அஷ்டமி பூஜையாலும் அல்ல.

இன்னொரு மூட்டையும் உண்டு. கொங்கு நாட்டு நூற்பாலைகள் பலவற்றில் "சுமங்கலித் திட்டம்" என்று ஒன்று நடந்தது. வயதுக்கு வந்த ஏழைப் பெண்களை ஹாஸ்டலில் தங்க வைத்து மூன்று வருஷம் வேலை வாங்குவது, கடைசியில் கல்யாணத்துக்கு உதவி என்று ஒரு மொத்தத் தொகை கொடுப்பது. பாதியில் உடம்பு முடியாமல் ஊருக்குப் போன பெண்களில் பலருக்கு அந்தத் தொகையும் இல்லாமல் போனது. 2011 மே மாதம் நெதர்லாந்து அமைப்புகள் இரண்டு வெளியிட்ட அறிக்கை இதை உலகத்துக்குத் தெரியப்படுத்தியது. மாசாமாசம் கொடுக்க வேண்டிய கூலியைப் பிடித்து வைத்துக்கொண்டு அதற்குக் கல்யாண உதவி என்று பெயர் வைத்தது எந்த வகை? மங்களகரமான பெயர் வைத்தால் மட்டும் மிளகு பயறாகிவிடாது.

வாணிகம் செய்பவன் அடுத்தவன் பொருளையும் தன் பொருள் போல நினைக்க வேண்டும் என்று வள்ளுவர் நடுவுநிலைமையில் சொன்னார். காவிரிப்பூம்பட்டினத்து வணிகர்கள் கொள்வதில் அதிகமும் கொடுப்பதில் குறைவும் செய்யாதவர்கள் என்று பட்டினப்பாலை புகழ்கிறது. அதே பட்டினப்பாலையில் மிளகு மூட்டையும் வருகிறது, சுங்கமும் வருகிறது. கற்றவர்களுக்கு நூலில் சொன்னதை, எழுத்து தெரியாத பொதி மாட்டுக்காரனுக்குக் குண்டடம் கதையாகச் சொன்னது. அவ்வளவே.

இரண்டு பக்கமும் ஒரே தப்பு

பகுத்தறிவு பேசுபவர்கள் உடனே சிரிப்பார்கள். "மிளகு எப்படி ஐயா பயறாகும்? அது வேற செடி, இது வேற செடி." சரிதான், ஆகாது. நரி பேசாது என்று சொல்லி அந்தக் கதையைத் தூக்கிப் போட்டவர்கள் யாராவது உண்டா? கதையில் மாறியது தானியம் அல்ல, வியாபாரியின் வாய்ச்சொல். தான் சொன்ன சொல்லுக்குள்ளேயே அவன் மாட்டிக்கொண்டான். பொய் சொன்னால் ஒரு நாள் அந்தப் பொய்யிலேயே வாழ வேண்டி வரும் என்பதற்கு எந்த அறிவியலும் எதிர்ப்புத் தெரிவிக்கவில்லை.

இன்னொரு பக்கம் "அறிவியல் பக்தர்கள்". மிளகில் பைப்பரின் இருக்கிறது, அது சளியைப் போக்கும், ஆகவே நம் முன்னோர்கள் அப்போதே கண்டுபிடித்துக் கோயிலில் வைத்தார்கள் என்று செய்தி அனுப்புகிறார்கள். மிளகு சளிக்கு நல்லது என்று எந்தப் பாட்டியும் சொல்வாள். அதைச் சொல்ல பைரவர் எதற்கு வர வேண்டும்? மிளகு மருந்து என்பது கிழவருக்கும் தெரியும், வியாபாரிக்கும் தெரியும். தெரிந்தே கொடுக்கவில்லை என்பதுதான் கதை! இதைப் பைப்பரினில் கரைத்துவிட்டால் வியாபாரியின் குற்றமும் கரைந்துவிடும்.

சிரிப்பவரும் சரி, நிரூபிப்பவரும் சரி, மூட்டைக்குள் இருப்பதையே பார்க்கிறார்கள். மூட்டைக்கு முன்னால் கை நீட்டி நின்ற ஆளை இரண்டு பேரும் பார்க்கவில்லை.

கஷ்டத்தில் வருபவருக்கு என்ன சொல்வது?

கடைசியாக ஒரு நியாயமான வாதம். கடனில் மூழ்கியவர், ஆர்டர் ரத்தானவர், செக் திரும்பி வந்தவர் எங்கேதான் போவார்? கோயிலுக்கு வந்து ஒரு தீபம் போட்டு மனசு ஆறினால் யாருக்கு என்ன நஷ்டம்?

ஒரு நஷ்டமும் இல்லை. அவர் வரட்டும், அழட்டும், தீபம் போடட்டும். கோபம் அவர் மேல் அல்ல. அவருடைய கஷ்டத்துக்கு விலைப்பட்டியல் போடுகிறவர்கள் மேல்தான். பொய் சொல்லாமலே நஷ்டப்பட்டவர்கள் எத்தனையோ பேர். அவர்களிடம் போய், "இத்தனை வாரம் செய்தால் பணம் திரும்பும்" என்று உறுதி கொடுப்பது ஒரு பொய். திரும்பாதபோது, "நீங்கள் சரியாகச் செய்யவில்லை" என்பது இன்னொரு பொய். பொய்யைத் தண்டித்த சாமியின் பெயரிலேயே இந்தப் பொய் விற்கிறது என்பதுதான் வயிற்றெரிச்சல்.

தேவாரம் பெற்ற கொங்கு ஏழு தலங்களில் குண்டடம் கிடையாது. அவினாசி, திருமுருகன்பூண்டி, பவானி, திருச்செங்கோடு, வெஞ்சமாங்கூடலூர், கொடுமுடி, கரூர் என்று அந்தப் பட்டியல் முடிந்துவிடுகிறது. குண்டடத்தை நால்வர் பாடவில்லை. ஜனங்கள்தான் கதை சொல்லிக் காப்பாற்றினார்கள். பதிகமாவது ஏட்டில் இருந்தது, கரையான் அரித்தது போக மிச்சத்தை மீட்டார்கள். வாய்க்கதைக்கு ஏடு கிடையாது. சொல்கிறவர்கள் பாதியை விட்டுவிட்டுச் சொன்னால் அடுத்த தலைமுறைக்கு அந்தப் பாதிதான் முழுக்கதை. பொய் சொன்னதும், ஒப்புக்கொண்டதும் இல்லாத குண்டடம் கதை, மிளகு இல்லாத வெறும் மூட்டை.

ஆகவே பைரவருக்கு மிளகு கொண்டு போகிறவர்கள் தாராளமாகக் கொண்டு போகலாம். அதற்கு முன்னால் ஒரே ஒரு வேலை. கணக்குப் புத்தகத்தை, சம்பளப் பட்டியலை, பட்டறையின் பின்பக்கக் குழாயை ஒருமுறை திறந்து பார்த்துவிட்டுப் போகட்டும். எங்கெல்லாம் மிளகைப் பயறு என்று எழுதியிருக்கிறது என்று அவரவருக்கே தெரியும். அதைத் திருத்திவிட்டு, மிச்சம் இருக்கிற மிளகில் ஒரு பிடியைக் கோயில் வாசலில் இருமிக்கொண்டிருப்பவருக்குக் கொடுத்துவிட்டு உள்ளே போகட்டும்.

உள்ளே போக நேரமில்லை என்றாலும் பரவாயில்லை. கதைப்படி பார்த்தால், கேட்க வந்தவர் அந்த வாசலில்தான் நிற்கிறார்.